நடுவில் அறுந்தால் எங்கள் போர்ட்டுக்கும் தெரியட்டும்

வைட் ஏரியா எதர்நெட் லிங்க் தரும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் இரண்டு அலுவலகங்களை இணைக்கும் லிங்க் நடுவழியில் அறுந்தது. இரு முனைகளிலும் போர்ட் விளக்கு பச்சையாகவே எரிந்தது. மாற்று லிங்க் தயாராக இருந்தும், ரவுட்டர்களுக்குப் பாதை தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை, தன் டெட் டைமர் (சத்தம் வராதபோது காத்திருக்கும் நேரம்) முடியும்வரை, அதாவது 40 விநாடி, நெய்பர் (மறுமுனை ரவுட்டர்) இருப்பதாகவே நம்பியது. அதுவரை ட்ராஃபிக் எல்லாம் செத்த பாதையில் போய்த் தொலைந்தது. டிக்கெட் போட்டோம். "லிங்க் அப்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் பொய் இல்லை. எங்கள் கேபிள் உங்கள் முதல் பெட்டியோடு முடிகிறது. அந்தப் பெட்டி உயிரோடு இருக்கும்வரை போர்ட் அப்தான். அதற்கு அப்பால் எந்த சுவிட்ச் விழுந்தாலும் எங்கள் ரவுட்டருக்குத் தெரிய வழியில்லை. பிஜிபி என்ற இன்னொரு பாதை நெறிமுறை மட்டும் ஓடும் இடங்களில் இன்னும் மோசம். பல ரவுட்டர்களில் அதன் ஹோல்டு டைம், அதாவது நெய்பருக்காகக் காத்திருக்கும் நேரம், 180 விநாடி.

சரி, நெய்பர் இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி போட்டோம். 300 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், தொடர்ந்து 3 வராவிட்டால் நெய்பர் இல்லை. ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். ஆனால் லிங்க் நன்றாக இருக்கும்போதே நெய்பர் விழுந்து விழுந்து எழுந்தது. பாதித் தவறு எங்களுடையது. போர்ட் விநாடிக்கு 1 ஜிகாபிட், வாங்கிய வேகம் 100 மெகாபிட். அனுப்பும் வேகத்தை அந்த அளவுக்குள் அடக்கும் ஷேப்பிங்கை நாங்கள் செய்யாததால், வேக வரம்பைக் காக்கும் உங்கள் போலீசர் மிச்சத்தை வெட்டியது. பிஎஃப்டி பாக்கெட்டும் அதோடு போயிற்று. அதைச் சரிசெய்துவிட்டோம்.

மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. நீங்கள் மாற்றுப் பாதைக்கு மாறி முடிப்பதற்குள் எங்கள் பிஎஃப்டி முந்திக்கொள்கிறது. மாற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒப்படைப்பு ஆவணத்தில் எழுதுங்கள், டைமரை அதற்கேற்ப வைக்கிறோம்.

இரு முனை மட்டும் உள்ள லிங்க் என்றால், நடுவில் அறுந்ததும் எங்கள் போர்ட்டையும் இறக்கிவிடுங்கள். உங்கள் பெட்டிகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. பல கிளைகள் சேரும் சேவையில் அது கூடாது. ஒரு கிளைக்காக மற்றவையும் அறுந்துவிடும். அங்கே பிஎஃப்டிதான் வழி, அதன் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். அப்புறம், டிக்கெட் வந்தால் போர்ட்டை மட்டும் பார்க்காமல் எதர்நெட் பாதையைச் சோதிக்கும் 802.1ஏஜி சிஎஃப்எம் வசதியைக் கொண்டு முனைக்கு முனை சோதியுங்கள்.

அடுத்த லிங்க்கை ஒப்படைக்கும் நாளில் நடுவில் ஒரு போர்ட்டை அணையுங்கள். இரு பக்கமும் பிங் ஓடவிட்டு, எத்தனை விநாடி நின்றது என்று சேர்ந்தே எண்ணிக் குறித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் லிங்க்கை நம்பி இருக்கும் ஒரு நெட்வொர்க் பொறியாளர்