திதியோடு ஓதமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் கொங்கண் கடலோரக் கிராமங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ‘கூட்டமே இல்லாத கரை, மணல் வரை கார் போகும்’ என்று அதில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டுப் புறப்பட்ட நான்கு பேரில் நானும் ஒருவன். கட்டுரையாளரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நடந்ததில் பெரும்பங்கு என் தவறு.

நால்வரும் அறுபதைத் தொட்டவர்கள், மும்பைச் செம்பூரில் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். சனிக்கிழமை 9 மணிக்கு ராகு காலம் வந்துவிடும் என்று, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் விடிகாலை 5 மணிக்கே எங்களைக் காரில் ஏற்றிவிட்டார். அன்றைக்குக் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். பன்வேல் கிழக்கில் இருப்பதால் ஆளுக்கு ஒரு கரண்டித் தயிரும் சாப்பிட வைத்தார். எல்லாம் உங்கள் பஞ்சாங்கக் கட்டத்தைப் பார்த்துத்தான். பன்வேல் தாண்டியதும் காரை ஓட்டிய நாகர்கோவில்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அங்கே தொடங்கும் 66ஆம் எண் நெடுஞ்சாலை கன்னியாகுமரியில்தான் முடிகிறதாம். திரும்பாமல் போனால் அவர் ஊர் வந்துவிடுமாம். நாங்கள் மாண்காவ் தாண்டித் திரும்பி, ஆம்பேத் பாலத்தில் சாவித்திரி ஆற்றைக் கடந்து, மண்டண்கட் வழியாகத் தாபோலிப் பக்கம் இறங்கினோம்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமை ஐம்பது கார் அங்கே நிற்கும். செம்பாறாங்கல் சுவர்கள், பாக்குத் தோப்பு, அதன் முடிவில் சவுக்கு மரங்கள், அப்புறம் கடல். மணி பதினொன்றரை. தண்ணீர் தொலைவில் கிடந்தது. ஈர மணல் சிமெண்ட் தரைபோல் இறுகியிருந்தது. “தைரியமாக இறக்குங்கள், நான் தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டில் பிறந்தவன், கடலை எனக்குத் தெரியும்” என்று சொன்னவன் நான்தான்.

மணப்பாட்டுக் கடலைத்தான் எனக்குத் தெரியும். அங்கே ஓதத்தில், அதாவது கடல் அன்றாடம் ஏறி இறங்குவதில், தண்ணீர் மூன்றடிக்கு மேல் ஏறி நான் பார்த்ததில்லை. அரபிக் கடலின் இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆள் உயரத்துக்கு மேல் ஏறுகிறது. சரிவே தெரியாத கரையில் அது எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைச் சவுக்கு நிழலில் படுத்துத் தூங்கிவிட்டு ஒன்றரை மணிக்குக் கண்விழித்தபோது தெரிந்துகொண்டோம். கார்ச் சக்கரங்கள் பாதி முழுகியிருந்தன. நாகர்கோவில்காரர் வண்டியைக் கிளப்ப முயன்ற ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஓர் அங்குலம் புதைந்தது.

ஊரார் டிராக்டரும் படகுக் கயிறும் கொண்டுவந்து இழுத்தார்கள். பணம் வாங்க மறுத்த டிராக்டர்க்காரர், “இன்று என்ன திதி?” என்று மராத்தியில் கேட்டார். வங்கி நண்பர் பையிலிருந்து உங்கள் பத்திரிகையை எடுத்துப் பார்த்து, “திருதியை, மூன்றாம் திதி” என்றார். “மூன்றில் முக்கால் பங்கு இரண்டேகால். இரண்டேகால் மணிவாக்கில் கடல் நிறையும்” என்றார் டிராக்டர்க்காரர். அவ்வளவுதான் கணக்கு. எந்தத் திதியானாலும் முக்காலால் பெருக்கினால் கடல் நிறையும் நேரம் கிடைக்கிறது. கொஞ்சம் முன்பின் இருக்கும். என் தாத்தா சொல்லிக்கொடுத்த முக்கால் வாய்பாடு அறுபது வயதில் கடற்கரையில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை. விடிகாலையிலிருந்து எங்கள் பையிலேயே இருந்த செய்தி அது. நாங்கள் ராகு காலத்தை மட்டும் பார்த்திருக்கிறோம்.

போகும்போது அவர் சற்றுத் தள்ளியிருந்த வலைவேலி ஒன்றைக் காட்டினார். உள்ளே பங்குனி ஆமையின் முட்டைகளைப் புதைத்துக் காக்கிறார்கள். கார்ச் சக்கரத் தடம் ஒரு சாண் ஆழம் இருந்தாலே குஞ்சு அதில் விழுந்து ஏற முடியாமல் கிடக்குமாம். எங்கள் தடத்தைக் கால்களாலேயே மூடிவிட்டு வந்தோம்.

மழைக்காலத்தில் நீங்களே ‘இன்று நான்கரை மீட்டர் உயரத்துக்கு அலை’ என்று நேரத்தோடு முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். ரயில் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்குமே என்ற கவலை. அக்டோபர் வந்ததும் அந்த வரி காணாமல் போய்விடுகிறது. ஆனால் மக்கள் கடற்கரைக்குப் போவது அக்டோபருக்குப் பிறகுதான். பஞ்சாங்கக் கட்டத்தில் திதிக்குக் கீழே கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? மணலில் காரை இறக்கச் சொல்லும் வரியை இனி இணைப்பில் தவிர்க்கவும் வேண்டுகிறேன். கட்டத்தில் இடம் போதாதென்றால் சூலத்தை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. வங்கி நண்பர் இதற்குச் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
செம்பூர் வாசகன்,
மும்பை