மறுநாளே அலுவலகமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் லைபோசக்‌ஷன் என்ற, உடலிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையைப் பற்றி வந்த கட்டுரையில், 'காலையில் சிகிச்சை, மறுநாள் வழக்கம்போல அலுவலகம்' என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அது எந்த அலுவலகம் என்று சொல்லியிருந்தால் நானும் அங்கே மாற்றல் கேட்டிருப்பேன்.

சென்ற ஆண்டு சித்திரையில் வயிற்றிலும் இடுப்பிலும் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவள் நான். வயது 54. முதல் நாள் இரவு, துளையிட்ட இடங்களிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசிந்து நைட்டி, விரிப்பு எல்லாம் நனைந்தன. உள்ளே செலுத்திய மருந்து கலந்த உப்புநீர்தான் வெளியேறும், பயப்படாதீர்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பேரனுக்கு வாங்கிய ரப்பர் ஷீட்டில் படுத்துக்கொண்டு பயப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பிறகு, வீக்கம் வடிவதற்காக இறுக்கிக் கட்டும் அந்தப் பெல்ட். ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும், திருச்சி வெயிலில்! மருமகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்துப் பிடித்து, கீழிருந்து ஒவ்வொரு கொக்கியாக மாட்டி முடிப்பதற்குள் இருவருக்கும் மறுபடி குளிக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் கழித்து ஆசையாக எடை பார்த்தேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அத்தனையும் வீக்கத்து நீர். தொப்புளுக்குக் கீழே நான்கு மாதம் மரத்துக் கிடந்தது. தொட்டால் அடுத்தவர் தோலைத் தொடுவதுபோல இருக்கும். இடுப்பு இடுப்பாகத் தெரிய ஆறு மாதம் ஆனது. செய்துகொண்டதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் மறுநாள் என்னால் கழிவறைக்கே துணையில்லாமல் போக முடியவில்லை, ஐயா.

'பத்து கிலோ குறையும்' என்று படத்தின் கீழே வேறு போட்டிருக்கிறீர்கள். இது எடை குறைப்பதற்கான சிகிச்சையே அல்ல என்பதுதான் என் மருத்துவர் சொன்ன முதல் வாக்கியம். ஒரே அமர்வில் கொழுப்பும் நீருமாக ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆபத்து கூடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2022 மே மாதம் பெங்களூரில் இந்தக் கொழுப்பு நீக்கத்துக்குப் போன 21 வயது சின்னத்திரை நடிகை இறந்த செய்தியை நான் படித்ததும் உங்கள் நாளிதழில்தான். அழகுக்கான சிகிச்சை என்று அரசு 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்குகிறது. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் கட்டுரையில் இடமில்லை. அதே பக்கத்தில் தொப்பை கரைக்கும் தேநீர் விளம்பரத்துக்கு மட்டும் கால் பக்கம் கிடைத்திருக்கிறது. இதே தேநீரைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. மணமகள் தேவைப் பகுதியில் 'ஒல்லியான' என்ற சொல்லைத் தவிர்க்கலாமே என்று எழுதியதற்கும் பதில் இல்லை. குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை அனுப்பினால் மட்டும் என் முகவரி உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓர் ஓரத்தில், பெல்ட் ஆறு வாரம் என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி.

பி.கு.: பெயர் வெளியிட வேண்டாம். சம்பந்தி வீட்டிலும் உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறார்கள். நடைப்பயிற்சியில் இளைத்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.