வெயில் கால அறிவிப்பு: வெளியில் உள்ள ரீஃப் டேங்குகள்

அக்னி நட்சத்திரம் முடியும்வரை மொட்டை மாடியில் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. தண்ணீர் 26 டிகிரியில் நின்றால் நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பவளம் வெளுக்கும்.

முதலில் பச்சை நிழல் வலை. பிறகு சம்ப் (டேங்கோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) மூடியை எடுத்துவிட்டு, 12 வோல்ட் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசவிடுங்கள். மதுரைக் காற்று இப்போது வறண்டு கிடப்பதால் 2–3 டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே காலை, மாலை எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள், உப்புநீர் ஊற்றினால் நீரின் ஒப்படர்த்தி இருக்க வேண்டிய 1.025-ஐத் தாண்டிவிடும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு மட்டும், அதுவும் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காமல். குளிர்விக்கச் செப்புச் சுருளைத் தண்ணீருக்குள் விட்டால் இறால், பவளம் எல்லாம் காலி. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை மூடிய அறையில் வைத்தால், தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுக்கும். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் உடனே ஓடட்டும். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு.