அடிமண்ணை மூடுமுன்: கட்டுமானத் தள மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திட்ட மேலாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம். மண் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சாலை, முற்றம் போன்ற தளங்களுக்கு அடியில் இருந்து பாரம் தாங்கும் அடிமண்ணைச் சோதித்து முடிக்காமல் அதன்மேல் ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டாதீர்கள்.

ஒரு கிடங்கு வேலை இன்னும் மனதை உறுத்துகிறது. லாரிகள் திரும்பும் முற்றத்துக்கு மண் சாம்பிள் வந்தது, நல்ல களிமண். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளக்கும் சி.பி.ஆர். சோதனைக்கு மண்ணை 4 நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். "அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, காய்ந்த நிலையிலேயே எண்ணைக் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்தோம். ஊறவைக்கவில்லை என்று அறிக்கையின் அடியில் ஒரு வரியும் எழுதினோம். அந்த வரியை யாரும் படிக்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே சக்கரத்தடம் பள்ளமாகி, வெடிப்புகள் வழியே சேறு மேலே வந்தது. தோண்டிப் பார்த்தால் ஜல்லியில் பாதி களிமண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

சி.பி.ஆர். என்பது 50 மி.மீ. விட்டமுள்ள உலக்கையை மண்ணுக்குள் 2.5 மி.மீ. இறக்க எவ்வளவு எடை தேவை என்று பார்ப்பது. உடைத்த கல்லுக்கு 1370 கிலோ. அதில் உங்கள் மண் எத்தனை சதவீதம் தாங்குகிறது என்பதே அந்த எண். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும் களிமண், ஊறினால் 2, 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஜல்லியின் கனம் அந்த எண்ணை நம்பித்தான் முடிவாகிறது. "எப்போதும் போடுகிற கனம்" என்று வரைபடத்தில் எழுதுவது வெறும் ஊகம்.

அப்புறம் ரோலர் வேலை. மண்ணை இறுக்க அளவான ஈரம் வேண்டும் என்று அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-லேயே காட்டிவிட்டார். ஈரம் குறைந்தால் துகள்கள் நகர்ந்து நெருங்காது. கூடினால் துகள் இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தளத்தில் நடப்பது என்ன? டேங்கர் மேலே தெளிக்கிறது, மண்ணைக் கிளறிக் கலக்காமலே ரோலர் ஏறுகிறது. சாதாரண ரோலருக்கு ஒரு அடுக்கு 20 செ.மீ. போதும். 40 செ.மீ. மண்ணை ஒரே அடியாகக் கொட்டி உருட்டினால் மேலே பளபளக்கும், அடியில் பொதபொதவென்று இருக்கும். மண் எவ்வளவு இறுகியது என்று பார்க்கும் அடர்த்திச் சோதனையையும் தளத்தின் மையத்தில் மட்டும் எடுத்து முடித்துவிடுகிறோம். குழாய்ப் பள்ளத்தை மூடிய இடம், மேன்ஹோலைச் சுற்றிய இடம், ஓரம் ஆகியவற்றில் எடுங்கள். முதலில் உட்காருவது அவைதான்.

சோதனை எல்லாம் தேறினாலும், பாரம் ஏற்றிய டிப்பரை அடிமண்மேல் மெதுவாக ஓட்டி, பின்னால் நடந்து பாருங்கள். சக்கரத்தின் கீழ் மண் மெத்தைபோல அமுங்கி எழும்பினால் அந்த இடத்தைத் தோண்டி மாற்றுங்கள். அரை நாள் வேலைதான்.

பாரக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து, வண்டியின் ஓர் அச்சு சுமக்கும் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று தெரிந்தது. நீங்களோ பின்னாளில் வரப்போகும் வண்டிகளை மட்டும் எண்ணுகிறீர்கள். கட்டுமானக் காலத்தில், மேலடுக்கு போடாத பாதையில் ஓடும் காங்கிரீட் மிக்சரையும் கிரேனையும் யார் எண்ணுவது? அவற்றையும் சேர்த்து வடிவமையுங்கள்.

வடிகால் பற்றி ஒரு வார்த்தை. அடியில் போடும் ஜல்லியடுக்கு ஓரத்துக் கால்வாய்வரை நீள வேண்டும். நடுவிலேயே நின்றுவிட்டால் அது தண்ணீர்த் தொட்டி.

அடுத்த வேலையின் அட்டவணையில் மண் ஊறும் 4 நாளையும் டிப்பர் ஓட்டிப் பார்க்கும் அரை நாளையும் தனி வரியாகப் போடுங்கள். அந்த இரண்டு முடிவும் கைக்கு வரும்வரை ஜல்லி லாரியை வாசலிலேயே நிறுத்தும் அதிகாரத்தைத் தளத்தில் இருக்கும் இளம் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு மண் பரிசோதனைப் பொறியாளர்