நுவரெலியா ஹோட்டல் முதலாளிமாருக்கு: ஒக்டோபர் இரவுகளில் லைட்டை அணையுங்கள்

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரைக்கும், இரவு பத்து மணிக்குப் பிறகு உங்கள் கட்டடங்களின் அலங்கார லைட்டுகளை அணைத்துவிடுங்கள். மரத்தடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கிற ஃபோகஸ், கூரை விளிம்பில் ஓடுகிற கலர் சரம், உச்சியில் எரியும் பெயர்ப்பலகை, இவ்வளவுதான். வாசல் லைட்டையும் படிக்கட்டு லைட்டையும் யாரும் கேட்கவில்லை.

வலசைப் பறவைகள் வந்து இறங்கும் காலம் அது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவிகள் கடல் தாண்டி இந்த மாதங்களில்தான் நம்மிடம் வருகின்றன. காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்குக் குளிர்காலப் புகலிடம் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையும் நம் மலையகமும்தான். இப்படிப்பட்ட சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறப்பவை. வானம் வெளித்திருந்தால் அவ்வளவு பாதகமில்லை, ஆனால் நம் ஊர் ஒக்டோபர் உங்களுக்குத் தெரியாததா? பின்னேரம் இடியோடு மழை, இருட்டினால் மூட்டம். மேகம் தாழ்ந்தால் பறவையும் தாழ்ந்து பறக்கும், நட்சத்திரமும் தெரியாது, அந்த நேரம் பார்த்து உங்கள் லைட் மூட்டத்தில் பட்டு வெள்ளைக் குடை மாதிரி விரிந்து நிற்கும். அதற்குள் அகப்பட்ட பறவை வெளியே போக வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிக் களைத்துக் கீழே இறங்கும், இல்லையென்றால் கண்ணாடியில் மோதும்.

போன வருஷம் ஒரு ஹோட்டலின் பின்பக்கம் (பெயர் வேண்டாம்) விடியற்காலையில் ஒரு தம்பி தும்புத்தடியால் குப்பையோடு சேர்த்து ஆறுமணிக்குருவி ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். பச்சை முதுகு, கட்டை வால், அதன் அடியில் சிவப்பு, இறக்கையில் அந்த நீலம் மட்டும் ஈரத்திலும் பளிச்சென்று தெரிந்தது. "மூட்டம் போட்டா இப்படித்தாங்க விழுந்து கெடக்கும்" என்றார். பக்கத்தில் இன்னொன்று உயிரோடு, அலகைத் திறந்து மூச்சு வாங்கியபடி. அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி இருட்டில் விட்டோம், தண்ணீர் ஊற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே தத்துகிற சத்தம் கேட்டது, பற்றைக்குள் விட்டதும் ஓடி மறைந்துவிட்டது. உங்கள் வேலையாட்களுக்கு இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லிவையுங்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றா கேட்கிறீர்கள்? விக்டோரியா பூங்காவில் அந்த ஓடைக்கரைக் குப்பை நாற்றத்தையும் சகித்துக்கொண்டு, பெரிய பெரிய லென்சோடு அசையாமல் நிற்கிற வெளிநாட்டுக்காரர்கள் எந்த றூமில் தங்குகிறார்கள்? ஆறுமணிக்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அவர்கள் பார்க்க வந்ததையே நீங்கள் இரவில் கொன்றால் எப்படி?

நியூயோர்க்கில் ஒவ்வொரு செப்டெம்பர் 11ஆம் திகதியும் இறந்தவர்களின் நினைவாக வானத்தை நோக்கி இரண்டு ஒளிக்கற்றைகளை ஏற்றுவார்கள். அதற்குள் ஆயிரத்துக்கு மேல் பறவைகள் சிக்கினால் இருபது நிமிடம் அணைத்து, அவை கலைந்து போகவிட்டுத்தான் மறுபடி போடுவார்கள். அந்த அஞ்சலியையே நிறுத்தலாம் என்றால் உங்கள் பெயர்ப்பலகையை நிறுத்த முடியாதா? 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டியபோது நாம் இருட்டில் இருந்து பழகியவர்கள்தானே.

கண்ணாடி பற்றியும் ஒரு வார்த்தை. பறவை மோதாமலிருக்கப் பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சும்மா. புள்ளியோ கோடோ, கண்ணாடியின் வெளிப்பக்கம், இரண்டு அங்குல இடைவெளியில் முழுக்க இருந்தால்தான் பகலில் அதில் தெரியும் மரத்தை நிஜம் என்று நம்பிப் பறவை மோதாது. செலவு என்றால் பூங்கா பக்கம் பார்த்த ஜன்னல்களுக்கு மட்டும் செய்யுங்கள். இரவில் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்வதற்குக் காசே தேவையில்லை.

"இருட்டாக இருந்தால் கெஸ்ட் கோபிப்பார்" என்று ஒரு மேனேஜர் சொன்னார். பத்து மணிக்குப் பிறகு நுவரெலியாக் குளிரில் எந்த கெஸ்ட் வெளியே நின்று உங்கள் மரத்தைப் பார்க்கிறார், எனக்குப் புரியவில்லை. சரி, காவலுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் மேலே மூடி போட்ட, கீழ்நோக்கி மட்டும் அடிக்கிற லைட்டைப் போடுங்கள், ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சர் வைத்தது என்றால் இன்னும் நல்லது.

அப்புறம், ஏப்ரல் வாக்கில் இதே பறவைகள் திரும்பிப் போகும். சுற்றுலா சீசன் நேரத்தில் லைட்டை அணையுங்கள் என்றால் என்னை ஊரை விட்டே துரத்துவீர்கள் என்று தெரியும், அதை அப்போது பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒக்டோபர்.