இலவசக் காலண்டர் மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், இலவசக் காலண்டர் மென்பொருள் வீட்டுக்குச் சரி, ஆபீஸ் மெயிலுக்கு ஒத்துவராது என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. எழுதியவருக்கு அது ஒரு வரி. எனக்கு அப்படியில்லை. அஸ்தம்பட்டியில் ஓர் ஆடிட்டர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, "தண்டர்பேர்டை எடுத்துட்டு வேற ஏதாவது போடலாமா?" என்று கேட்கிறார். அந்த இலவச மெயில், காலண்டர் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன் நான்.

சேலத்தில் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள், இந்த ஆடிட்டர் மாதிரி சிலர், மலைமேல் ஏற்காட்டில் சில காபி எஸ்டேட்டுகள். ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற இடங்கள். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் ஏற்றி, மெயிலுக்கும் காலண்டருக்கும் தண்டர்பேர்ட் வைத்துக் கொடுப்பேன். பெரும்பாலும் ஓடுகிறது. ஓடாத இடமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஓடாததற்குக் காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பழியை இலவசத்தின் தலையில் கட்டுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். காபி வாங்கும் ஒரு பெரிய கம்பெனி, மாதிரி பார்க்க ஆள் வரும் தேதியை மீட்டிங் இன்வைட்டாக அனுப்பியது. எஸ்டேட் ரைட்டர் மெயிலைத் திறந்தால் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. 'வின்மெயில் டாட் டேட்' என்று ஒரே ஓர் இணைப்பு, அதுவும் எதிலும் திறக்கவில்லை. வைரஸ் என்று நினைத்து அவர் அதைத் தொடாமல் விட்டுவிட்டார். குறித்த நாளில் கம்பெனி ஆட்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நிற்கிறார்கள். மேனேஜர் அம்மாவோ சேலத்தில் பேங்க் வேலையாக இருக்கிறார். வந்தவர்கள் சொன்ன தீர்ப்பு: "உங்க காலண்டர் சரியில்லைங்க, அவுட்லுக் வாங்கிடுங்க."

சரியில்லாதது எது? மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கும், கம்பெனிகளின் மெயிலைக் கையாளும் அதன் எக்ஸ்சேஞ்ச் சர்வரும் தங்களுக்குள் பேச 'டிநெஃப்' என்று ஒரு சொந்த வடிவம் வைத்திருக்கின்றன. உள்ளுக்குள்ளேயே ஓடும் கடிதத்துக்கு அதனால் தொந்தரவு இல்லை. வெளியாளுக்கும் அப்படியே போனால்தான் இந்த வின்மெயில் டாட் டேட் வந்து விழும். வெளி முகவரிகளுக்கு அதை அனுப்பாதே என்று சொல்ல எக்ஸ்சேஞ்சிலேயே ஒரு செட்டிங் இருக்கிறது. அனுப்புகிற பக்கத்து நிர்வாகி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியின் ஐடி பையனைப் போனில் பிடித்துப் பேசினேன். நல்ல பையன், மறுப்புச் சொல்லாமல் மாற்றினான். அடுத்த இன்வைட் எஸ்டேட்டில் தேதி, நேரம், 'அக்செப்ட்' பட்டன் என்று லட்சணமாக வந்தது. எஸ்டேட் கம்ப்யூட்டரில் நான் கை வைக்கவே இல்லை.

இன்வைட் வரும் இந்த 'ஐகேலண்டர்' வடிவம் யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம். 1998-ல் அதை எழுதிய இருவரில் ஒருவர் லோட்டஸ் என்ற மென்பொருள் கம்பெனிக்காரர், மற்றவர் மைக்ரோசாஃப்ட்காரர். 2009-ல் திருத்திய பதிப்பு வந்தது. இந்த வடிவத்தில் இருக்கும் ஓர் ஐசிஎஸ் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் கண்ணாலேயே படிக்கலாம்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், யார் யார் வரவேண்டும், வாராவாரம் திரும்ப வருமா. செவ்வாய்பேட்டைப் பட்டறை முதலாளி ஒருவர் ராகு காலத்தில் எந்த வியாபாரப் பேச்சும் வைத்துக்கொள்ள மாட்டார். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது, செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை என்று கிழமைக்கு ஒன்றாக, வாராவாரம் திரும்பும்படி கையாலேயே தட்டி ஒரு கோப்புச் செய்து கொடுத்தேன். அவருடைய தண்டர்பேர்டில், மகனின் ஐபோனில், கணக்கு எழுதுபவரின் கூகுள் காலண்டரில், மூன்றிலும் அதே கோப்புத்தான். (எமகண்டமும் வேண்டுமாம். அதற்குத் தனிக் கலர்.)

கோப்பை அனுப்பி வாங்குவது ஒன்று. ஒரே காலண்டரைப் பல பேர் பார்த்துத் திருத்துவது வேறு. அதற்கு 2007-லிருந்து 'கால்டேவ்' என்ற பொதுத் தரம் இருக்கிறது. கூகுள், ஜோஹோ, ஆப்பிளின் ஐகிளவுட் எல்லாம் அதைப் பேசுகின்றன. சொந்த சர்வர் வைப்பவர்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், ராடிகேல் என்று திறந்த மூல மென்பொருள்களே (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) உண்டு. மேலே சொன்ன ஆடிட்டர் அலுவலகத்தில், தூக்கிப் போட இருந்த ஒரு கம்ப்யூட்டரில் ராடிகேல் ஓடுகிறது. 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று வரிக் கெடுத் தேதிகள் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. ஜூனியர்களின் ஆண்ட்ராய்டு போனில் 'டேவ்எக்ஸ் ஃபைவ்' என்ற கால்டேவ் ஆப் போட்டதும் அங்கேயும் வந்துவிட்டன.

பிறகு அவர் ஏன் கத்தரிக்கோலை எடுத்தார்? அவருடைய கிளையண்ட் கம்பெனி ஒன்று தன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கும் ஓர் அக்கவுண்ட் கொடுத்திருக்கிறது. அந்தக் காலண்டர் மட்டும் தண்டர்பேர்டில் வரவில்லை. எக்ஸ்சேஞ்ச் கால்டேவ் பேசுவதில்லை, அதுதான் விஷயம். அதற்கு 2007 பதிப்பிலிருந்து 'இடபிள்யூஎஸ்' என்று தனி வழி. டேவ்மெயில் என்ற திறந்த மூல மென்பொருள் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி உட்கார்ந்து, இந்தப் பக்கம் கால்டேவும் அந்தப் பக்கம் இடபிள்யூஎஸ்ஸும் பேசும். லினக்ஸில் எவல்யூஷன் என்ற மெயில் மென்பொருளுக்கும் இதற்கென்று ஒரு துணைநிரல் இருக்கிறது. ஆனால் பல கம்பெனிகளில் இவற்றை உள்ளே விட நிர்வாகி அனுமதி தர வேண்டும். இந்தக் கம்பெனியில் கேட்டால், "எங்க ஆப் தவிர எதுக்கும் பெர்மிஷன் இல்லைங்க" என்று ஒரே பதில். போதாக்குறைக்கு, எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இந்த இடபிள்யூஎஸ் வழியையே 2026 அக்டோபரிலிருந்து அடைக்கப் போவதாக 2023-லேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாம் இப்போது 'கிராஃப்' என்ற அடுத்த வழிக்கு மாற வேண்டியிருக்கிறது. பொதுத் தரமாக இருந்தால் இந்த ஓட்டம் எதற்கு?

தண்டர்பேர்ட் பக்கமும் தாமதம் இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பில்தான் எக்ஸ்சேஞ்ச் மெயில் துணைநிரல் இல்லாமல் நேரடியாக வேலை செய்ய ஆரம்பித்தது. காலண்டர் அதில் இல்லை. இன்னொரு தொல்லை, காலண்டரின் பண்புகளில் எந்த மெயில் முகவரிக்கு உரியது என்று தேர்ந்தெடுக்காவிட்டால் இன்வைட்டுக்குப் பதிலே போகாது. அதைக் கண்ணில் படுகிற மாதிரி வைத்தால் என்ன குறைந்துவிடும்? நூறு இருநூறு பேர் உள்ள கம்பெனியில், யார் எப்போது ஃப்ரீ, எந்த ரூம் காலி என்று பார்த்துப் பார்த்து மீட்டிங் வைக்கிறவர்களுக்கு அவுட்லுக்தான் சௌகரியம் என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆடிட்டருக்கு அந்த அளவு தேவையில்லை. காலண்டரை வெளியிட்டு ஓர் ஐசிஎஸ் லிங்க் கொடுக்க அவுட்லுக்கின் வெப் பதிப்பில் வசதி இருக்கிறது. அதை மட்டும் திறந்துவிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். பார்க்கத்தான் முடியும், திருத்த முடியாது. அவருக்கு அது போதும்.

பிரவுசரிலேயே எல்லாம் பார்க்கலாமே என்பார்கள். மலையில் மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், அப்புறம் டவர் போகும். தண்டர்பேர்டில் ஆஃப்லைன் வசதியை டிக் செய்து வைத்திருந்தால், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும் வரை அன்றைய வேலை எல்லாம் கண்முன்னே இருக்கும்; புதிதாக எழுதியது நெட் வந்ததும் தானாக ஏறிக்கொள்ளும். நாகலூர் பக்கம் வந்து ஒரு சாயங்காலம் இருந்து பார்த்தால் தெரியும்.

மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் வேண்டும் என்று 2010-லும், திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று 2015-லும் கொள்கை வெளியிட்டது. இங்கே கல்லூரிகளும் மில்களும் மருத்துவமனைகளும் மெயில் சேவைக்குக் கொட்டேஷன் வாங்கும்போது எத்தனை ஜிபி, ஆளுக்கு எவ்வளவு என்று மட்டுமே கேட்கின்றன. கால்டேவ் உண்டா, இன்வைட் வெளி முகவரிக்கு ஐகேலண்டராகப் போகுமா என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தால் காசு ஒன்றும் கூடாது. உங்கள் தொழில்நுட்பப் பக்கம் எழுத வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. உங்கள் சேலம் பதிப்பில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' போடுகிறீர்கள். ஏற்காடு கோடை விழா, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றெல்லாம் வரும்போது அந்தப் பகுதியைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். அதையே உங்கள் இணையதளத்தில் ஐசிஎஸ் கோப்பாகவும் போட்டால் எந்தப் போனிலும் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் ஆபீசில் யாருக்கும் நேரமில்லை என்றால் முதல் மாதத்துக் கோப்பை நானே தட்டிக் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழில் செய்யும் வாசகர்,
சூரமங்கலம், சேலம்.