சுவரைக் கடப்பது இணை எலக்ட்ரான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததை ஒட்டி வந்த கட்டுரைகளில், ஜோசப்சன் சந்தியில் (இரு மீக்கடத்திப் படலங்களுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடுச் சுவர் கொண்ட அமைப்பு) எலக்ட்ரான் ஒவ்வொன்றாகச் சுவரைத் துளைத்துப் போவதாக எழுதுகிறார்கள். மின்னழுத்தம் இல்லாமலே அங்கே பாயும் மின்னோட்டம் கூப்பர் இணைகளால், அதாவது மீக்கடத்தியில் இரண்டிரண்டாகச் சேர்ந்த எலக்ட்ரான்களால் ஆனது. மாணவர்கள் படிக்கும் நாளிதழில் இதைத் திருத்தி வெளியிட வேண்டும்.

1962-இல் பிரையன் ஜோசப்சன் இதைக் கணக்கிட்டுச் சொன்னபோது, ஆக்சைடுக்குள் இணை நீடிக்காது என்று, மீக்கடத்துதல் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பார்டீனே மறுத்தார். ஒன்று நுழைவதே அரிது, இரண்டு சேர்ந்து எப்படி நுழையும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் தூய அலுமினியத்தில் ஓர் இணையின் விரிவு ஆயிரம் நானோமீட்டரைத் தாண்டும். ஆக்சைடுச் சுவரின் தடிமன் 1 முதல் 2 நானோமீட்டர்தான்; அதனால் இணை உடையாமலே கடந்துவிடுகிறது. இருபுறத்து இணை அலைகளின் கட்ட வேறுபாடே (ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ இருக்கிறது என்பதே) மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. சந்திக்கு 1 மைக்ரோவோல்ட் கொடுத்தால் 483.6 மெகாஹெர்ட்ஸில் அலைவு எழும். தனி எலக்ட்ரானாக இருந்தால் இதில் பாதிதான் வரும்.

சந்தியைச் செய்யும்போது கவனம் முழுவதும் ஆக்சைடில்தான். வெற்றிடக் கலத்தில் அலுமினியத்தை ஒரு கோணத்தில் படியவிட்டு, அளந்த அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சில நிமிடம் விட்டு, வெளியேற்றியபின் வேறு கோணத்தில் இரண்டாம் படலத்தை இட வேண்டும். சுவர் சற்றே தடித்தாலும் மின்னோட்டம் பல மடங்கு சரியும். வடிவம் பதிக்கப் பூசும் ரெசிஸ்ட் பூச்சின் கசடு ஒட்டியிருந்தால் ஒரே சில்லில் உள்ள சந்திகளே ஒன்றுக்கொன்று மாறுபடும். குளிர்விக்கும் முன் அறை வெப்பநிலையில் மின்தடையை அளந்துவிடுங்கள்: 10 கிலோ ஓம் என்றால் உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 30 நானோ ஆம்பியர். அளப்பவர் மணிக்கட்டில் புவித்தொடுப்புப் பட்டை கட்டாயம். கையிலுள்ள நிலைமின்னே சந்தியை எரித்துவிடும்.

மின்னழுத்தமின்றி மின்னோட்டம் தெரிந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. ஆக்சைடில் ஊசித்துளை இருந்து இரு படலங்களும் தொட்டுக்கொண்டாலும் அப்படித்தான் தெரியும். படலத்துக்கு இணையாகக் காந்தப்புலத்தை மெல்லக் கூட்டுங்கள். நல்ல சந்தியில் மின்னோட்டம் சுழியாகி, மீண்டும் எழுந்து, மறுபடி சுழியாகும். படலங்கள் நேரே தொட்டுக்கொண்ட குறுக்குத் தொடர்பில் இந்த ஏற்ற இறக்கம் வராது. 1963-இல் பெல் ஆய்வகத்தில் பிலிப் ஆண்டர்சனும் ஜான் ரோவெலும் வெள்ளீயம்–ஈயச் சந்தியில் கண்டது ஊசித்துளைக் கசிவல்ல என்று நம்ப முடிந்ததும், அது காந்தப்புலத்துக்கு அவ்வளவு எளிதில் மசிந்ததால்தான்.

இப்படிக்கு,
தாழ்வெப்பநிலை இயற்பியல் ஆசிரியர்,
சென்னை